மஞ்சள் தண்ணீர் பட்ட எஞ்சின்

எங்கள் வீட்டுக்கும் அழகருடைய கராஜுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். அந்தப் பக்கம் அவர் சுத்தியலால் தட்டினால் இந்தப் பக்கம் எங்கள் அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடும். நாள் முழுக்க மாநகர சபையில் உட்கார்ந்து, குப்பை அள்ளவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரார் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கண்டியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி கலகெதரவுக்கு வந்து சேர்ந்தால் இங்கே இந்தச் சத்தம். கராஜ் போட்ட புதிதில் நேரே போய்ச் சண்டை பிடித்தேன். அழகர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "சரிக்கா" என்றார். அடுத்த நாளும் தட்டினார். திரும்பவும் போனேன். திரும்பவும் "சரிக்கா" என்றார். அந்த மனிதரோடு சண்டை பிடித்தால் நமக்குத்தான் தொண்டை வலிக்கும். கடைசியில் நானே விட்டுவிட்டேன்.

இப்போது அவரைப் பற்றி யாராவது என் முன்னால் இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. அதற்குக் காரணம் பிரேமிளாவின் வேன்.

அழகர் பிறந்தது கலகெதரவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் இவர் மலைக்கு ஏறாமல் கீழே இறங்கிவிட்டார். கட்டுகஸ்தோட்டையில், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லோரும் நானா என்று கூப்பிடும் மக்கீன் என்பவருடைய கராஜில் வாகனம் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, டயர் கழற்றி, கிளச் மாற்றி, மெல்ல மெல்ல எஞ்சின் வேலைக்கு வந்து, மக்கீன் நானாவின் வலது கை ஆனார். எஞ்சின் திறக்கிற வேலை என்றால் நானா வேறு யாரையும் கூப்பிடமாட்டாராம். தலை நரைக்கத் தொடங்கும்வரை அங்கேதான் இருந்தார். கைத்தொழில் தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம், எல்லோருக்கும் அவர் அழகர் பாஸ்.

ஆள் சிரிப்பதும் குறைவு, பேசுவதும் குறைவு. தன் சாமான்களை யாரும் தொட்டால் முகம் கோணிவிடும். ஒருநாள் எங்கள் குசினிக் குழாய் ஒழுகியது, இறுக்க ஒரு ஸ்பேனர் தாருங்கள் என்று கேட்டேன். ஸ்பேனரைத் தரவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே வந்து, இறுக்கிவிட்டு, எதுவும் பேசாமல் போய்விட்டார்.

சொந்தமாகக் கராஜ் போட்டதுகூட அவருடைய யோசனை இல்லை. மனைவி சுதர்சினியின் பிடிவாதம். அவள் பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிவதற்குள் கம்பனி பஸ்ஸைப் பிடித்து, மாலையானால் பாதி உயிரோடு வந்து இறங்குவாள். காலமெல்லாம் அடுத்தவனுடைய கூரைக்குக் கீழேயே இருக்கப் போகிறீர்களா என்று அவள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருடம் அழகர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, தரைக்குச் சீமெந்து பூசி, கராஜ் எழும்பியது.

எழும்பியதே தவிர, வேலை வரவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு செயின் இறுக்க வருவார்கள், ஆட்டோவுக்கு ஒயில் மாற்ற வருவார்கள். எஞ்சின் வேலை என்றால் கண்டிக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கராஜில் யார் எஞ்சினைத் திறப்பது? ஊர் வாய் அப்படித்தான் சொன்னது. சொல்லி வைத்தாற்போல எல்லோரும் சொன்னார்கள்.

பிரேமிளா கலகெதரவிலிருந்து கண்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். முன்பு அந்த வேனை ஓட்டியவர் அவளுடைய கணவர் சுமன். மழை நாளில் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. நீண்ட நேரம் உட்கார முடியாது, பாரம் தூக்க முடியாது. பேராதனை ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து களைத்தபிறகு, பிரேமிளா லைசன்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் மாதம் பெற்றோர்கள் பயந்தார்கள். அதற்குப்பிறகு யாரும் பயப்படவில்லை. என் மகள் நிலூஷாவும் அந்த வேனில்தான் போகிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பிள்ளைகளால்தான். வேறு வருமானம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஏற்றத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிந்திவிடும் என்று பிரேமிளா தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். திரும்பி வரும்போது பின்னால் வெள்ளைப் புகை. எஞ்சின் ஒயில் தண்ணீர் கலந்து பால்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. கண்டியில் ஒரு கராஜில் கேட்டால், இரண்டு கிழமை நிற்கவேண்டும் என்றார்கள். அதே நேரம் துஷாந்த் என்ற பையன் புது வேன் ஒன்றை இறக்கியிருந்தான். ஏசி, திரைச்சீலை, பாட்டு எல்லாம் உண்டு. பிரேமிளாவின் வேன் படுத்துவிட்டது என்று தெரிந்ததும் வீடு வீடாகப் போய், ஆன்ட்டி, பிள்ளைக்கு சீட் இருக்கிறது என்று தேனாகப் பேசத் தொடங்கினான்.

பிரேமிளா பெற்றோர்களுக்குப் போன் எடுத்தாள். ஒரு கிழமை பொறுங்கள், அடுத்த திங்கட்கிழமை வேன் வாசலில் நிற்கும் என்று எல்லோரிடமும் கேட்டாள். சரி என்றார்கள். ஒரு கிழமைக்கு மேல் என்றால் பிள்ளைகள் துஷாந்தின் வேனுக்குப் போய்விடும், போன பிள்ளைகள் திரும்பாது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிறகு அவள் அழகரிடம் வந்தாள். வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கராஜில் விட்டார்கள். சொந்தக் கராஜில் அழகர் திறக்கப்போகிற முதல் எஞ்சின் அதுதான்.

அன்று மாலை நான் தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். அந்த வேனில் முன் சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின். அழகர் தண்ணீரை வடித்தார், பெட்டரி வயரைக் கழற்றினார். டீசல் குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றின் வாயையும் பொலித்தீன் துண்டால் கட்டினார். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை எடுத்து, எஞ்சினின் வடிவத்தைப் பென்சிலால் கீறி, போல்ட் இருக்கிற இடங்களிலெல்லாம் ஓட்டை போட்டார். சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினுக்கு மேலே மூடிபோல உட்கார்ந்திருக்கும் கனமான இரும்பு. அதை நீளமான போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் அதனதன் ஓட்டையில் குத்தி வைத்தார்.

கழற்றும் முறையிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று, அப்படியே நடுவை நோக்கி வந்தார். எதையும் ஒரேயடியாகக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி, திரும்பவும் முதலிலிருந்து கொஞ்சம் தளர்த்தி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏன் இப்படி இழுத்தடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒரேடியா விட்டா வளஞ்சிரும்க்கா," என்றார்.

ஹெட்டைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. சுமனால் முடியாது. பிரேமிளா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்தார்கள். அழகர் அதைக் கவிழ்த்து, முகத்தைச் சுரண்டி, நேர்கோடு போடும் இரும்பு அடிமட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, காகிதம் போன்ற மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் நுழைத்தார். அது நடுவில் தடையில்லாமல் போய் வந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. வெடிப்பு இருக்கிறதா என்று நிறைய நேரம் தேடினார். இல்லை. அடுத்த நாள் ஆட்டோவில் ஏற்றிக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். முகத்தைச் சீவிச் சமனாக்க அவர்கள் வெள்ளிக்கிழமைவரை நேரம் கேட்டார்கள்.

அந்த இடைவெளியில் ஆயுத பூசை வந்தது.

இங்கே மக்கீன் நானாவின் கராஜில் நடந்த பூசையைப் பற்றிச் சொல்லவேண்டும். சுதர்சினி எனக்குச் சொன்ன கதை இது. ஒவ்வொரு வருடமும் அழகர் அங்கே பூசை போடுவார். நானா ஒருநாளும் தடுத்ததில்லை. மாலைக்கும் பழத்துக்கும் அவரே ஆள் அனுப்புவார், கடலையை முதல் ஆளாக வந்து வாங்கிச் சாப்பிடுவார். ஆனால் பூசை தொடங்கும் முன் ஒரு காரியம் செய்வார். திறந்து கிடக்கிற எஞ்சின்களையெல்லாம் சாக்கும் தார்ப்பாயும் போட்டுப் பொத்தச் சொல்வார். சொல்வதோடு விடமாட்டார், ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுப் பார்ப்பார். அழகருக்கு இது மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. தன் சாமித் தண்ணீர் அவருடைய எஞ்சினில் பட்டால் ஆகாது என்று நானா நினைக்கிறார், மரியாதைக்காக வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாயைத் திறக்காத ஆட்களுக்கு மனதுக்குள் எத்தனை வழக்கு ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே தன் சொந்தக் கூரைக்குக் கீழே முதல் பூசை என்றதும் மனிதர் ஆளே மாறிவிட்டார். சுதர்சினி அரைநாள் லீவு போட்டாள். தகரத்தில் மாவிலையும் தோரணமும் கட்டினார்கள். சாமான்களையெல்லாம் கழுவி, துடைத்து, வாழையிலையில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அழகர் வேட்டி கட்டியிருந்தார். நான் அவரை வேட்டியில் பார்த்தது அன்றுதான். பிரேமிளாவும் சுமனும் வந்தார்கள், நாங்களும் போனோம். வேனின் முன் சீட்டு தூக்கியபடி இருக்க, ஹெட் இல்லாத எஞ்சின் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எதையும் போட்டு அதைப் பொத்தவில்லை. சாம்பிராணி காட்டி, தேங்காய் உடைத்து, செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரில் மாவிலையைத் தோய்த்து அழகர் எல்லாவற்றின்மேலும் தெளித்தார். எஞ்சினுக்கு வந்ததும் கை நின்றது. பிறகு ஒரு தடவைக்கு மூன்று தடவையாக அதன்மேல் தெளித்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன்.

கடலை சாப்பிட்டு முடிந்ததும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினைத் துடைத்தார். சிலிண்டர்களைத் துடைத்து ஒயில் பூசினார், முகத்தை உலர்ந்த துணியால் ஒற்றினார். பிறகுதான் சாக்கைப் போட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை ஹெட் வந்தது. சனிக்கிழமை அதை எஞ்சினில் பூட்டினார். எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட். பழைய கேஸ்கட்டின் மிச்சங்களைச் சுரண்டி எடுத்து, புதுக் கேஸ்கட்டை வைத்து, பிரேமிளாவோடு சேர்ந்து ஹெட்டை மெதுவாக இறக்கினார். கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தவர், இறுக்கும்போது நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போனார். அதற்கென்று நீளமான ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. வேண்டிய அளவு இறுகியதும் அது 'டக்' என்று சத்தம் போடும். டக், டக் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. பின்பக்க மூலையில் இருந்த போல்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகக் கேட்டது. அழகர் அதை ஒரு தடவை பார்த்தார். ஸ்பேனரை எடுத்துத் திரும்பவும் வைத்துப் பார்த்தார். டக் என்றது. அடுத்ததற்குப் போய்விட்டார்.

மாலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை, தட்டல் இல்லை. பிரேமிளா சந்திவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அங்கேயே நின்றபடி பெற்றோர்கள் எல்லோருக்கும் திங்கட்கிழமை வேன் வரும் என்று மெசேஜ் போட்டாள். சுமன் ஒரு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை வால்வு இடைவெளியைச் சரிபார்க்க அழகர் எஞ்சினின் மேல் மூடியைத் திறந்தார். பின்பக்க மூலையில், அந்த போல்ட்டின் தலையைச் சுற்றி, ஒயிலோடு கலந்து மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது. விரலில் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். மஞ்சள்.

எஞ்சினின் முகத்தைத் துடைத்தவர் போல்ட் இறங்குகிற துளைகளைத் துடைக்கவில்லை. அவை ஆழமானவை, அடி மூடியவை. பூசைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தங்கிவிட்டது. தண்ணீரை அமுக்க முடியாது. போல்ட் இறங்கி அந்தத் தண்ணீரில் முட்டி நின்றிருக்கிறது, ஸ்பேனர் அதை இறுக்கம் என்று நினைத்து டக் என்றிருக்கிறது. உண்மையில் அந்த மூலையில் ஹெட் சரியாக இறுகவில்லை. அடுத்த துளைகளிலும் தண்ணீர் இல்லையென்று யார் சொல்வது?

அழகர் முதலில் மக்கீன் நானாவுக்குப் போன் எடுத்தார். கேஸ்கட் ஒருதரம் நசுங்கினால் திரும்பப் பாவிக்க முடியாது, புதிது வேண்டும், அவரிடம் இருக்குமா என்று கேட்கத்தான். அவரிடம் அந்த வேனுக்கு உரியது இல்லை. கடைகள் திங்கட்கிழமைதான் திறக்கும். என்ன நடந்தது என்று நானா கேட்டிருக்கிறார். இவர் சொன்னார். போன் ஸ்பீக்கரில் கிடந்தது, வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"தண்ணி உள்ளுக்குப் பெய்த்துரும் எண்டுதானே நான் பொத்தச் சொன்ன," என்றார் நானா. "ஒண்ட சாமியோட நான் என்னத்துக்குக் கோவிக்கிற, அழகர்?"

போன் அணைந்த பிறகும் அழகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண்களைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு நான் துணியோடு உள்ளே போய்விட்டேன்.

வேனை அப்படியே விட்டிருக்கலாம். அதை அவரே பிறகு சொன்னார். எஞ்சின் ஓடுகிறது, ஒரு மாதம் ஓடலாம், மூன்று மாதம் ஓடலாம், பிறகு கேஸ்கட் போனால் பழைய வேன்தானே என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் நிறைந்த வேன் ஏற்றத்தில் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிரேமிளாவைக் கூப்பிட்டு, மஞ்சள் படிந்த விரலைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமைக்கு முன் வேன் போகாது என்றார்.

பிரேமிளா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்துத்தான் எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன்ணே," என்றாள். "இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்ககிட்டப் பேசுவேன்?"

திரும்பி நடந்துவிட்டாள். அழகர் என் வீட்டு வாசலுக்கு வந்து, பிள்ளைகளுடைய வீடுகள் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். அப்படியானால் கூட வரமுடியுமா என்றார். தானே போய்ச் சொல்லப்போகிறாராம், வேனில் பிழை இல்லை, பிரேமிளாவில் பிழை இல்லை, பிழை தன்னுடையது என்று. எந்த மெக்கானிக் இப்படி வீடு வீடாகப் போய்த் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்வான்? புத்தி கெட்ட வேலை என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

பிற்பகல் முழுவதும் நடந்தோம். அவர் ஒவ்வொரு வாசலிலும் ஒரே மாதிரிச் சொன்னார், கூட்டாமல், குறைக்காமல். பூசைத் தண்ணீர் துளைக்குள் போனது, தான் கவனிக்கவில்லை, திரும்பவும் கழற்றவேண்டும், இரண்டு நாள் பொறுக்கவேண்டும். றுமைஸா என்ற தாய் கதவுக்குப் பின்னால் நின்று கடைசிவரை கேட்டாள். மகன் இரண்டு நாளைக்கு பஸ்ஸில் போய்க்கொள்வான், வந்து சொன்னதே போதும் என்றாள். இன்னும் சிலர் அப்படிச் சொன்னார்கள். சிலர் உள்ளே கூப்பிடாமலே கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

திவாகரன் வீட்டுக்கு வந்தோம். சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர், இரண்டு பிள்ளைகள். அவர் ஒன்று செய்தால் அந்த வரிசையில் எல்லா வீடும் அதையே செய்யும். கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எஞ்சினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழகர் அசையவில்லை. திரும்பச் சொன்னார், புதன்கிழமை வேன் சரியாக இருக்கும் என்று. அதெல்லாம் வேண்டாம், துஷாந்திடம் சொல்லிவிடுகிறேன் என்று திவாகரன் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை புதுக் கேஸ்கட் வந்தது. அழகர் ஹெட்டைத் திரும்பவும் கழற்றினார், அதே அட்டை, அதே ஒழுங்கு. இந்தத் தடவை காற்றடிக்கும் பம்பை இரவல் வாங்கி ஒவ்வொரு துளைக்குள்ளும் காற்றடித்தார். மெல்லிய குச்சியில் துணி சுற்றி அடிவரை விட்டு, உலர்ந்து வரும்வரை துடைத்தார். மூன்று துளைகளில் மஞ்சள் ஈரம் இருந்தது. நல்ல காலம், அந்தத் தண்ணீரின் அழுத்தத்தில் எஞ்சினில் வெடிப்பு விழவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கினார். பிரேமிளா ஹெட்டைத் தூக்கவும் இறக்கவும் வந்தாள், கை கொடுத்தாள், போய்விட்டாள்.

புதன்கிழமை காலை வேன் வந்தது. பின் சீட்டில், இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, பிள்ளைகளுக்கு நடுவில் அழகர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிழமை முடியும்வரை போகவும் வரவும் அப்படியே போனார். ஏற்றம் வந்தால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை எட்டி எட்டிப் பார்ப்பாராம், நிலூஷா சொல்லிச் சிரித்தாள். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வேனில் பாதி சீட் காலி. திவாகரனின் பிள்ளைகள் போனதும் அந்த வரிசைப் பிள்ளைகளும் துஷாந்தின் வேனுக்குப் போய்விட்டார்கள்.

பிரேமிளா அழகரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு சின்ன வயர் அறுந்ததற்குக்கூட வேறெங்கோ போனாள். சுமன் மாலையில் எங்கள் வேலிப் பக்கம் வந்து நிற்பார், வேறு கதை பேசுவார், போய்விடுவார். வேனை விற்றுவிடலாமா என்று அவர்கள் யோசிப்பதாகச் சுதர்சினி சொன்னாள்.

ஊரில் நடந்ததோ வேறு. அழகர் வாசல் வாசலாக ஏறி இறங்கியது எல்லா வாய்க்கும் அவல் ஆனது. முதலில் சிரித்தார்கள். பிறகு, தான் செய்த பிழையைத் தானே வந்து சொல்கிற மெக்கானிக் இவர் ஒருவர்தான் என்று பேசத் தொடங்கினார்கள். கராஜுக்கு ஆட்கள் வந்தார்கள். அவருடைய பிழையால் அவருக்குப் பெயர் வந்தது, பிரேமிளாவுக்குப் பிள்ளைகள் போனது. இந்த நியாயம் எனக்கு விளங்கவே இல்லை. அழகருக்கும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். வேலை வர வர அவர் பேச்சு இன்னும் குறைந்தது.

நவம்பர் மழையில் ஒரு சனிக்கிழமை, திவாகரனின் கார் புகைந்துகொண்டே வந்து கராஜ் வாசலில் நின்றது. நான் ஆடிப்போன கதிரைக் காலுக்கு ஒரு ஆணி கேட்டு அங்கே நின்றிருந்தேன். திவாகரன் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகப் பேசினார். கண்டியில் யாரையும் நம்ப முடியாது, நீங்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள், அதனால்தான் நேரே இங்கே வந்தேன் என்றார்.

அழகர் பானட்டைத் திறந்து பார்த்தார். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். மூடினார்.

"கேஸ்கட் போயிருச்சு மொதலாளி. ஹெட் கழட்டணும். ஆனா நான் செய்யமாட்டேன்."

திவாகரனுக்கு விளங்கவில்லை. நேரம் இல்லையா என்று கேட்டார். நேரம் இருக்கிறது என்றார் அழகர்.

"நான் செஞ்ச தப்புக்கு நீங்க பிரேமிளாகிட்டருந்து புள்ளைங்கள எடுத்தீங்க. அதுங்க திரும்பி அந்த வேன்ல ஏறட்டும். பொறகு கார கொண்டாங்க."

திவாகரனுக்கு முகம் சிவந்தது. வேனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம், என் பிள்ளைகள் எதில் போகவேண்டும் என்று நீயா சொல்வது என்று குரலை உயர்த்தினார். 'நீங்கள்' என்பது அதற்குள் 'நீ' ஆகியிருந்தது. அழகர் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பேசமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"என் வாய நம்பித்தானே மொதலாளி கார கொண்டு வந்தீங்க," என்றார். "வேன் சரியாயிரும்னும் அதே வாயாலதான் ஒங்க வாசல்ல நின்னு சொன்னேன்."

திவாகரன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டே போய்விட்டார். சுதர்சினி உள்ளிருந்து ஓடிவந்து, வந்த லட்சுமியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டீர்களே என்று தலையிலடித்துக்கொண்டாள். அழகர் எனக்கு ஆணியை எடுத்துத் தரவில்லை. சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கதிரைக் காலை அடிக்க என் வீட்டுக்கு நடந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அன்றே பிரேமிளாவின் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிந்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

திங்கட்கிழமை காலை நிலூஷாவோடு சந்தியில் நின்றேன். திவாகரனின் பிள்ளைகள் இரண்டும் புத்தகப் பையோடு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். துஷாந்தின் வேன் வந்து, நின்று, கதவைத் திறந்தது. மூத்தவன் கையை ஆட்டி, வேண்டாம் என்றான். கொஞ்ச நேரத்தில் பிரேமிளாவின் வேன் வந்தது. அவள் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பின் கதவைத் திறந்துவிட்டு, பை நனையாமல் ஏறுங்கள் என்றாள்.

அடுத்த நாட்களில் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்தார்கள், எல்லோரும் இல்லை. அதுவே வேனை விற்காமலிருக்கப் போதும் என்று சுமன் சொன்னார்.

அதே திங்கட்கிழமை மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற வழியில், வேன் கராஜ் வாசலில் நின்றது. அழகர் ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தார். பிரேமிளா எஞ்சினை நிறுத்தாமல் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே," என்றாள், "பிரேக் கொஞ்சம் சத்தம் போடுது. பாருங்களேன்."

ஆட்டோவின் அடியில் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.